திருப்பித் தராத பீரியட்கள்

பத்தாம் வகுப்பின் கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு கட்டங்களில் உடற்கல்வி என்று எழுதியிருக்கும். ஜூன் மாதத்தில் அது உடற்கல்வியாகவே இருக்கும். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது ஒரு கட்டம் கணக்குக்குப் போகும். அரையாண்டுக்கு முன்னால் இன்னொன்று அறிவியலுக்குப் போகும். பொங்கல் முடிந்த பிறகு அந்த வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தை ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பார்கள். "சார், இன்னைக்கு உங்க பீரியட நான் எடுத்துக்கிறேன், போர்ஷன் முடியல" என்று வராந்தாவில் வைத்தே கேட்பார்கள். பி.டி. சார் தலையாட்டுவார். கடன் என்றுதான் அதற்குப் பெயர். அதைத் திருப்பிக் கொடுத்த ஆசிரியரை நாம் பார்த்ததில்லை. திருப்பிக் கொடுங்கள் என்று கேட்ட பெற்றோரும் நம்மில் இல்லை.

இந்தப் பழியை மற்ற ஆசிரியர்கள் மேல் போட்டுவிட்டு நாம் நகர முடியாது. அந்தக் கடனை வாங்கச் சொன்னது நாம். பெற்றோர் கூட்டத்தில் கணக்கில் எவ்வளவு, இங்கிலீஷில் ஏன் குறைந்தது என்று கேட்டோம். என் பிள்ளை ஓடுகிறானா, எவ்வளவு தூரம் ஓடினால் மூச்சு வாங்குகிறது, முதுகு ஏன் இப்படி வளைகிறது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டிய பள்ளிக்குத்தான் பிள்ளையைக் கூட்டிப் போனோம். அந்த ஃப்ளெக்ஸுக்கு வேண்டிய நேரம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். யாரும் சண்டைக்கு வராத இடத்திலிருந்து அதை எடுத்தார்கள். உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது, கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் பி.டி. பீரியடைக் கடன் வாங்க வேண்டாம் என்று மேடையிலேயே கேட்டுக்கொண்டார். மாநிலத்தின் அமைச்சர் ஒருவர் மைக்கைப் பிடித்துக் கேட்க வேண்டிய அளவுக்கு அது ஊறிப்போயிருக்கிறது.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரத்துக்கு இரண்டு பீரியட் முழுதாகக் கிடைத்தாலும் ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். அதிலும் கைவைத்தோம்.

நான் இங்கே பேசுகிறவருக்குப் பெயர் போடவில்லை. தமிழ்நாட்டில் எந்த ஊர் அரசுப் பள்ளியில், உதவிபெறும் பள்ளியில் படித்தவருக்கும் அவர் யாரென்று தெரியும். கழுத்தில் விசில், தலையில் வெள்ளைத் தொப்பி, வெயிலில் கறுத்த பிடரி. காலையில் பிரேயருக்கு "ஸ்கூல், அட்டென்ஷன்" என்ற அந்தக் குரல். இருபத்தைந்து வயதுக்குப் பக்கத்தில் வேலைக்கு வந்து, அறுபதை ஒட்டி ஓய்வு பெற்று, நடுவில் நம்மையும் நம் பிள்ளைகளையும் அதே மண்ணில் ஓடவிட்டவர். நம்மில் பலருக்கு அவருடைய முழுப்பெயர் தெரியாது. முன்னெழுத்து தெரியாது. பி.டி. சார், அவ்வளவுதான்.

அவர் என்ன படித்தார் என்பதும் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதில்லை. படிப்பு ஏறாதவர், உடம்பு இருந்ததால் வேலை கிடைத்தவர் என்ற எண்ணம் நம் வீட்டுப் பேச்சில் இருந்தது. பிள்ளைகள் காதுபடவே இருந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் அதுதான் ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிப் போனவரும் அந்தப் பக்தான். அங்கும், காரைக்குடி அழகப்பாவிலும், பெரியநாயக்கன்பாளையம் மாருதி கல்லூரியிலும் படித்து வந்தவர்கள் உடற்கூறு படித்தார்கள், உடலியங்கியல் படித்தார்கள், காயத்துக்கு முதலுதவி படித்தார்கள். வளரும் பிள்ளையின் முழங்காலில் எந்த வயதில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று படித்தார்கள். பள்ளியில் அந்தப் படிப்பு முழுதும் பயன்பட ஒரு நாளும் நாம் இடம் கொடுக்கவில்லை.

தடகளப் போட்டிக்கு முந்தின நாள் அவர் டிராக் போடுவதைக் கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இரும்பு டேப், நூல்கயிறு, முளைக்குச்சி, வாளியில் சுண்ணாம்புப் பொடி. முறையான 400 மீட்டர் டிராக்கில் ஒரு லேன் 1.22 மீட்டர் அகலம். வளைவில் வெளிப்பக்கம் ஓடுகிறவனுக்குத் தூரம் கூடிவிடும் என்பதால் அவனை முன்னால் தள்ளி நிறுத்த வேண்டும். எவ்வளவு முன்னால்? அங்கேதான் பை வருகிறது. முதல் லேனை அதன் உள்விளிம்புத் திட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியும், மற்ற லேன்களை உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியும் அளக்க வேண்டும். ஒரு முழுச் சுற்று ஓட்டத்துக்கு இரண்டாம் லேன்காரன் 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். அதற்கடுத்த ஒவ்வொரு லேனுக்கும் 7.67 மீட்டர் கூடிக்கொண்டே போகும். பள்ளி மைதானத்தில் 400 மீட்டருக்கு இடம் இருக்காது. 200 மீட்டர் டிராக்தான் போட முடியும், அதுவும் ஒரு பக்கம் வேப்பமரம் குறுக்கே நிற்கும். அந்த மரத்துக்குத் தக்கபடி ஆரத்தை மாற்றி, மறுபடி கணக்குப் போட்டு, குனிந்தபடியே கோடு இழுப்பார். வட்டத்தின் சுற்றளவு எதற்குப் பயன்படும் என்று கேட்ட பையனுக்கு விடை அந்தச் சுண்ணாம்புக் கோட்டில் இருந்தது. அதே வாரம் அவருடைய பீரியடில் கணக்கு டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது.

படிப்பைப் பயன்படுத்தாத நாம், அவரை வேறொன்றுக்குப் பயன்படுத்தினோம். பிரம்பை அவர் கையில் கொடுத்தோம். தாமதமாக வந்தவனை வாசலில் நிறுத்த, முடி வெட்டாதவனைப் பிடிக்க, சட்டையை இன் பண்ணாதவனைத் தட்ட, பெஞ்சை உடைத்தவன் யாரென்று விசாரிக்க அவர்தான். "பி.டி. சார்கிட்ட சொல்லிருவேன்" என்று வகுப்பாசிரியர் மிரட்டினார். வீட்டில் நாமும் அதே வாக்கியத்தைச் சொன்னோம். பிள்ளை எந்த மனிதரிடம் போய், ஓட ஆசையாயிருக்கு என்று சொல்ல வேண்டுமோ, அந்த மனிதரைப் பார்த்து ஓடி ஒளியும்படி ஆக்கினோம். குண்டாக இருக்கும் பையன், திக்குவாயன், காலை இழுத்து நடப்பவள், மாதவிடாய் நாளில் நிற்க முடியாமல் நிற்கும் பெண் ஆகியோருக்குத்தான் அவருடைய அறிவு அதிகம் தேவைப்பட்டது. அவர்கள்தான் அவரை நெருங்கவே இல்லை. அவர்களில் சிலர் பிரேயரில் அடியும் வாங்கினார்கள். அந்த அடிக்கு அவர் பொறுப்பு. அவர் கையில் பிரம்பைத் திணித்து, ஒழுங்கு என்று அதற்குப் பெயர் வைத்து, நல்ல ஸ்ட்ரிக்ட்டான மாஸ்டர் என்று பாராட்டிய நாமும் பொறுப்பு.

பிரம்பு இல்லாத நேரத்தில் அவர் வேறு ஆளாக இருந்தார் என்பதைக் கண்டவர்கள் டீமில் இருந்த சில பிள்ளைகள் மட்டும்தான். காலை ஐந்தரைக்கு மைதானம். அந்த நேரத்துக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. மாலை ஐந்துக்கு மேல் இருட்டும் வரை மறுபடியும். பூப்பந்தோ கபடியோ கோ-கோவோ, அந்தப் பள்ளிக்கு எது வாய்த்ததோ அது. சைக்கிளில் தொங்கும் பையில் வாழைப்பழச் சீப்பு, சில நாள் அவித்த முட்டை, குளுக்கோஸ் பாக்கெட். இவற்றுக்கெல்லாம் பில் போடப் பள்ளியில் இடமில்லை. இன்று விளையாட்டுப் பொருள்களுக்கென்று உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இடமிருக்கிறது. பந்துக்கும் வலைக்கும் அது போதலாம். பையன் காலையில் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறான் என்பதற்கு எந்தத் தலைப்பிலும் ஒதுக்கீடு கிடையாது. அதை அவர் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். அவர் வீட்டில் அதற்காக என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நாம் நினைத்துப் பார்த்ததில்லை.

குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, அதற்கு மேல் குடியரசு தினத் தடகளம், பாரதியார் தினக் குழு விளையாட்டு என்று ஆண்டின் நடுப்பகுதி முழுதும் அவருக்குப் பயணம்தான். டவுன் பஸ்ஸில் பன்னிரண்டு பிள்ளைகள், மூட்டை கட்டிய பனியன்கள், ஈயப் பாத்திரத்தில் தக்காளி சாதம். ஸ்பைக்ஸ் இருந்த ஒரே ஜோடியை 100 மீட்டர் ஓடியவன் கழற்றி 200 மீட்டர் ஓடுகிறவனுக்குக் கொடுப்பான். திரும்பி வர ராத்திரி ஆகும். ஒவ்வொரு பெண்ணின் அப்பாவும் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து கூட்டிப் போகும் வரை பஸ் ஸ்டாண்டில் அவர் நிற்பார். கடைசிப் பெண்ணின் அப்பா வரத் தாமதமானால் டீக்கடை பெஞ்சில் அவளை உட்காரவைத்துப் பக்கத்தில் நின்றபடி இருப்பார். மறுநாள் காலைப் பிரேயரில் கோப்பையை வாங்கித் தலைமை ஆசிரியர் பிடிப்பார், பிள்ளைகள் கைதட்டுவார்கள். நாம் அந்தப் பிரேயருக்கு வந்ததில்லை. ஆண்டு விழாவில் கோலாட்டம் பார்க்க வந்தோம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நம் குற்றம் இன்னும் கூடுதல். எட்டாம் வகுப்பு வரை ஓடிய பெண்ணை ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தினோம். ஷார்ட்ஸ் போடக் கூடாது என்றோம். வெளியூர்ப் போட்டிக்கு ஆம்பளை வாத்தியாரோடு எப்படி அனுப்புவது என்றோம். அந்தக் கேள்வி நியாயமானதுதான். அது நியாயமென்றால் ஒவ்வொரு பள்ளிக்கும் பெண் உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டு நாம் மனுக் கொடுத்திருக்க வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் உடை மாற்ற ஓர் அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெண்ணை வீட்டுக்குள் கூப்பிடுவது சுலபமாக இருந்தது, அதைச் செய்தோம். "சார், இனிமே அவள அனுப்பல, கோவிச்சுக்காதீங்க" என்று வாசலில் நின்று சொன்னோம். மாவட்ட அளவில் ஜெயித்த பிள்ளை சார் என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்திருப்பார். இரண்டு வருட உழைப்பு அந்த வாசலிலேயே முடிந்தது. அவர் அடுத்த நாள் ஆறாம் வகுப்பில் புதிதாக யாரெல்லாம் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனார்.

பையன்களையும் பத்தாவது வந்ததும் நிறுத்தினோம். பன்னிரண்டாவது முடிந்ததும் அவரைத் தேடி ஓடினோம். "விளையாட்டுக் கோட்டாவுல போடணும் சார், ஒரு சர்டிபிகேட் கிடைக்குமா?" அவர் ஒரு பழைய பீரோவைத் திறந்து, வருடவாரியாகக் கட்டி வைத்திருந்த காகிதங்களிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மைதானத்திலிருந்து இழுத்துப் போன பிள்ளைக்கு அவர் அப்படி எடுத்துக் கொடுத்ததில் நம்மில் எத்தனை பேருக்கு வெட்கம் வந்தது?

அவர் பயந்தபடியே வேலை செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். உயரம் தாண்டும்போது ஒரு பிள்ளையின் கை பிசகினால், உறவினர் கூட்டத்தோடு பள்ளிக்கு வந்தோம். மெத்தை ஏன் இல்லை என்று அரசாங்கத்தைக் கேட்கவில்லை. பிள்ளையை ஏன் தாண்டவிட்டாய் என்று அவரைக் கேட்டோம். அதற்குப் பிறகு பல பள்ளிகளில் ஈட்டியும் குண்டும் அறைக்குள் பூட்டிக் கிடக்கின்றன. நீளம் தாண்டும் குழியில் மணல் இறுகிப் புல் முளைத்துவிட்டது. மைதானமும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. கூடுதல் வகுப்பறைக் கட்டடம் என்றார்கள், மகிழ்ந்தோம். அது எழும்பிய இடத்தில் முன்பு கபடிக் களம் இருந்தது. முழு அளவுக் களத்துக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் போதும். அந்த அளவு மண்கூட மிச்சம் வைக்கவில்லை என்று அவர் சொன்னபோது, வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறார் என்றுதான் ஊரில் பேசினோம். கோயில் திருவிழாக் கடைகளுக்கும் கட்சிக் கூட்டங்களுக்கும் மைதானத்தைக் கொடுத்தோம். மறுநாள் ஆணியும் உடைந்த பாட்டிலும் பொறுக்கியது அவரும் பிள்ளைகளும்.

பத்திரிகையில் எழுதும் நாம் தனியே ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் காய்கறி விற்ற தாயின் மகன் மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஐந்து வயதில் பஸ் மோதி வலது கால் சிதைந்த பிள்ளை அவர். அவரை முதலில் உயரம் தாண்டச் சொன்னவர் அவர் படித்த பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அந்த ஆண்டு நாம் பக்கம் பக்கமாக எழுதினோம். அம்மாவின் காய்கறிக் கடையை எழுதினோம், விபத்தை எழுதினோம், பரிசுத் தொகையை எழுதினோம். உடற்கல்வி ஆசிரியருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு வரி. நடக்கவே சிரமப்படுவான் என்று மற்றவர்கள் ஓரமாக உட்காரவைத்திருக்கக் கூடிய பையனிடம், கம்பியைத் தாண்டு என்று ஒரு மனிதர் சொல்ல என்ன பார்த்தார், எதைப் பார்த்தார், எப்படிக் கற்றுக்கொடுத்தார்? அவரிடம் அதைக் கேட்டு விரிவாக எழுதியிருக்க வேண்டியது நம் வேலை. கேட்டிருந்தால் தமிழ்நாட்டின் மற்ற உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு பாடம் கிடைத்திருக்கும். மாரியப்பன் அதன்பின் டோக்கியோவில் வெள்ளியும் பாரிஸில் வெண்கலமும் வாங்கிவிட்டார். அந்தக் கேள்வி இன்னும் நம் நோட்டுப் புத்தகத்தில் ஏறவில்லை.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் கோருத்தோடு என்று ஒரு மலைக் கிராமம். ராணுவத்திலிருந்து வந்த கே.பி. தாமஸ் அங்கே சி.கே.எம். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தார். மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவில் அந்தக் கிராமத்துப் பள்ளி ஆண்டுக்கணக்கில் சாம்பியன் பட்டம் வாங்கியது. 2003 உலகத் தடகளப் போட்டியில் நீளம் தாண்டி வெண்கலம் வென்ற அஞ்சு பாபி ஜார்ஜ் அங்கே படித்தவர். தாமஸ் மாஷ், அதாவது தாமஸ் வாத்தியார், என்றால் அங்கே சிறுவர்களுக்கும் தெரியும். பள்ளி விளையாட்டு விழா நடக்கும் நாள்களில் மலையாளப் பத்திரிகைகள் பக்கங்களையே ஒதுக்குகின்றன. எந்தப் பள்ளி, எந்த மாஷ் என்று எழுதுகின்றன. அப்படியிருந்தும் துரோணாச்சாரியார் விருது அவருக்கு 2013இல்தான் கிடைத்தது. நம் மாநிலத்தில் வருவாய் மாவட்டப் போட்டி முடிவுகள் உள்ளூர்ப் பதிப்பின் மூலையில் நாலு வரி வந்தால் அதிகம். அதில் பரிசு வழங்கிய பிரமுகரின் பெயர் இருக்கும். ஜெயித்த பிள்ளையின் பெயரில் எழுத்துப் பிழை இருக்கும். பயிற்சி கொடுத்தவர் பெயர் இருக்காது.

புதுக்கோட்டை கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜனையும் இங்கே நினைக்காமல் முடியாது. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனையின் பேரில் பறித்தார்கள். அதைப் பற்றி நாம் நிறையப் பேசினோம். அதற்குப் பிறகு அவர் ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்தார் என்பதைக் குறைவாகப் பேசினோம். சொற்ப ஒப்பந்தச் சம்பளத்தில் பயிற்சியாளராக இருந்த அந்த வீராங்கனை 2012இல் செங்கல் சூளையில் கூலி வேலை செய்வதாகச் செய்தி வந்தபோதுதான் மறுபடி கேமராவைத் தூக்கிக்கொண்டு போனோம். சூளையில் நிற்கும் படம் நமக்குக் கிடைத்தது. பிள்ளைகளோடு மைதானத்தில் அவர் நின்ற காலத்தில் நாம் ஏன் போகவில்லை?

இனி சட்டத்தின் பக்கம் வருகிறேன், ஏனென்றால் நம் அலட்சியம் அங்கே எழுத்திலேயே பதிவாகியிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. பகுதிநேரம். கணக்கைப் பகுதிநேரமாகச் சொல்லித்தரலாம் என்று எவரும் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதியிருந்தால் நாம் விட்டிருக்க மாட்டோம். அந்த விதிப்படி தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். மே மாதம் கோடை விடுமுறை என்பதால் அந்தச் சம்பளமும் அப்போது கிடையாது. உடற்கல்விப் பட்டம் பெற்றவர்கள் பலர் இந்த வரிசையில்தான் வந்தார்கள். தொகை மெல்ல ஏறி 2021இல் 10,000 ஆனது. பிறகு 12,500 ஆனது. நிரந்தரம் கேட்டுச் சென்னை கல்லூரிச் சாலையில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் அவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்தின் பக்கத்தில் பெற்றோராக நாம் போய் உட்காரவில்லை. டி.வி.யில் பார்த்துவிட்டு, பாவம் என்றோம்.

அந்த மூன்று அரை நாளில் அவர்கள் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதையும் கண்ணால் பார்க்கிறோம். போட்டிக் காலம் வந்தால் மூன்று அரை நாளில் எந்த டீமைத் தயார் செய்ய முடியும்? முழு வாரமும் வருகிறார்கள். மீதி நேரத்தில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார்கள், ஜிம்மில் நிற்கிறார்கள், வாடகைக்கு ஆட்டோ ஓட்டுகிறார்கள். இருபத்தெட்டு வயதில் வேலைக்கு வந்தவர்கள் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். ஓட்டக்காரரின் உடம்பில் நல்ல ஆண்டுகள் எவையோ, பிள்ளைகளுக்கு முன்னால் தாமே ஓடிக் காட்டக்கூடிய ஆண்டுகள் எவையோ, அவற்றை இந்த நிச்சயமின்மையில் கழித்துவிட்டார்கள்.

2025இல் திரையரங்கில் 'பைசன்' பார்த்தோம். மணத்தி கணேசனின் வாழ்க்கையை ஒட்டிய படம். 1995இல் அர்ஜுனா விருது பெற்ற கபடி வீரர் அவர். பையனை அடையாளம் கண்டு தாங்கிப் பிடிக்கும் பி.டி. வாத்தியார் திரையில் வந்தபோது பலருக்குக் கண் கலங்கியது. நம் பிள்ளைகளின் பள்ளியில் அப்படி ஒருவர், மாதச் சம்பளம் எப்போது ஏறும் என்று போனைப் பார்த்தபடி மைதானத்தில் நிற்கிறார். படம் முடிந்து வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் மறுநாள் பள்ளிக்குப் போய் அவரிடம் பேசினோம்?

ஓய்வு பெற்ற பி.டி. சாரைக் கௌரவிக்க வேண்டும் என்று பல ஊர்களில் பழைய மாணவர்கள் இப்போது கூடுகிறார்கள். மண்டபம் பிடிக்கிறார்கள், சந்தன மாலை, சால்வை, கேடயம், தங்க முலாம் பூசிய விசில். அவர் மேடையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பார். டாக்டரான மாணவர் பேசுவார், போலீஸ் அதிகாரியான மாணவர் பேசுவார், அமெரிக்காவிலிருந்து வந்தவர் பேசுவார். அதில் அன்பு இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த மேடையில் பேசும் நாமேதான் நம் பிள்ளையைப் பத்தாம் வகுப்பில் மைதானத்திலிருந்து நிறுத்தியவர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் நம்மிடம் எதிர்பார்த்தது சால்வையை அல்ல. பிள்ளைகளை அனுப்புங்கள் என்றார். மைதானத்தை விட்டுவையுங்கள் என்றார். பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் கேளுங்கள் என்றார். மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை. அவருக்கு இனி அவற்றைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அவர் இடத்தில் இன்று நிற்பவருக்குக் கொடுக்க முடியும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். அந்தக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் சத்துணவு இருக்கும், குடிநீர் இருக்கும், சுற்றுச்சுவர் இருக்கும். இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் நடக்கும் முதல் கூட்டத்தில் நாம் கேட்கலாம்: பத்தாம் வகுப்பின் உடற்கல்விக் கட்டங்கள் ஏப்ரல் வரை அப்படியே இருக்குமா, இல்லையா? சென்ற ஆண்டு எத்தனை கட்டங்கள் வேறு பாடத்துக்குப் போயின? நம் பள்ளியின் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியருக்குப் பன்னிரண்டு மாதமும் முழுச் சம்பளம் கொடுக்கச் சொல்லி ஒரு தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாமா? மாணவிகளைப் போட்டிக்குக் கூட்டிப் போகும் நாளில் கூடவே போக இரண்டு அம்மாக்கள் பெயர் கொடுப்பார்களா? நீளம் தாண்டும் குழிக்கு இரண்டு லோடு ஆற்று மணல் வேண்டும், புல்லை வெட்டிக் கிளற நாலு ஆள் வேண்டும். சால்வைக்கும் மண்டபத்துக்கும் சேர்த்த பணத்தில் அது முடிந்துவிடும். மிச்சத்தில் ஸ்பைக்ஸ் வாங்கலாம். ஒன்பதாம் வகுப்பில் ஓடுகிற பெண்களின் கால் அளவை டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், குறுவட்டப் போட்டி அறிவிப்பு வந்த பிறகு கடைக்குப் போனால் அந்தச் சின்ன அளவுகள் கிடைப்பதில்லை.